குரலைக் கிரயம் செய்வதா, வாடகைக்கு விடுவதா?

போன மாதம் மின்னஞ்சலில் ஒரு ஒப்பந்தம் வந்தது. பதினாறு பக்கம். நான் பதினைந்து வருடமாகக் குரல் கொடுத்துப் பிழைக்கிறவள். நகைக்கடை விளம்பரம், பள்ளிப் பாடங்களின் ஒலிப்பதிவு, "தமிழுக்கு எண் இரண்டை அழுத்தவும்" என்று தொலைபேசியில் வருகிற குரல், கடந்த சில வருடங்களாக ஒலிப்புத்தகங்கள் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஒப்பந்தத்தை அனுப்பியவர்கள் கேட்டது வேறு. இருபது மணி நேரம் என் குரலைப் பதிவு செய்துகொள்வார்கள். அதை வைத்து ஒரு செயற்கைக் குரலை உருவாக்குவார்கள். அப்புறம் யார் எதைத் தட்டச்சு செய்தாலும் அது என் குரலில் பேசும். தருவதாகச் சொன்ன தொகை என் நான்கு மாத வருமானம்.

முதல் சந்திப்பிலேயே ஒரு மாதிரி ஒலியைப் போட்டுக் காட்டினார்கள். நான் படித்த ஒலிப்புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு நிமிடத்தை எடுத்துச் செய்ததாம். நான் ஒருநாளும் பேசியிராத ஒரு பத்தி, ஏதோ காப்பீட்டுத் திட்டம் பற்றியது, என் குரலில் ஓடியது. ழகரம் சுத்தமாக விழுந்தது. 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுப்பது என் பழக்கம். ஒலிப்பதிவாளர்கள் அதை எத்தனையோ தடவை வெட்டி எறிந்திருக்கிறார்கள். அந்த மூச்சும் அதில் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள் என்று கேட்கக்கூட அப்போது எனக்கு வாய் வரவில்லை.

இந்த மாதிரி ஒப்பந்தம் இப்போது என்னைப் போன்ற பலருக்கும் வருகிறது. கையெழுத்துப் போடலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து, வழக்கறிஞராக இருக்கிற தோழி ஒருத்தியின் உதவியோடு, எனக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன். என் முடிவு உங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்த விஷயங்களை நீங்களும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் தோன்றியது, முடியாது என்று சொல்லிவிடுவது. இதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. என் குரலிலிருந்து ஒரு இயந்திரம் பிறந்தால், அது செய்யும் வேலை நாளைக்குத் தொழிலுக்கு வருகிற ஒரு பெண்ணின் வேலை. தொலைபேசி அறிவிப்பு வேலை எனக்குப் போன வருடம் இரண்டே இரண்டுதான் வந்தது. முன்பு மாதத்துக்கு இரண்டு வரும். இதை நினைத்து மறுக்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது.

ஆனால் மறுத்துவிட்டால் குரல் பத்திரமாக இருக்குமா? 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வால்-ஈ ஆய்வில், மூன்று விநாடி ஒலி இருந்தாலே ஒருவரின் குரலைப் போலச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். 2024 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனம் 15 விநாடி ஒலியிலிருந்து குரலை உருவாக்கும் கருவியை அறிவித்துவிட்டு, தவறாகப் பயன்படும் அபாயம் இருப்பதால் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை என்றது. என் குரல் இணையத்தில் பல மணி நேரம் கிடக்கிறது. கதவைப் பூட்டினாலும் ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கிறது.

அப்படித் திருடினால் சட்டம் என்ன செய்யும் என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற வழிகளின் எடையும் இதை வைத்துத்தான் தெரியும்.

இந்தியாவில் 'குரல் உரிமை' என்று தனியாக ஒரு சட்டம் இல்லை. ஒருவரின் பெயரையும் தோற்றத்தையும் அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற கருத்து நம் ஊர் வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றத்தில் அழுத்தமாக வந்தது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய 1994-ஆம் வருட வழக்கு அது. 2015-ல் ரஜினிகாந்த் தன் பெயரைத் தலைப்பில் வைத்த இந்திப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போய் வென்றார். 2023-ல் நடிகர் அனில் கபூருக்கு டெல்லி உயர் நீதிமன்றமும், 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்குக்கு மும்பை உயர் நீதிமன்றமும் இடைக்கால உத்தரவு கொடுத்தன. அரிஜித் வழக்கு எங்களுக்கு மிக நெருக்கமானது. அவர் குரலைப் போலச் செய்யும் ஏஐ கருவிகளைப் பற்றியே அந்த உத்தரவு பேசுகிறது.

இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். எல்லோரும் நாடறிந்தவர்கள். குரலைக் கேட்டதும் இன்னார் என்று சொல்லிவிடலாம், அதனால் நீதிமன்றத்தில் நிரூபிப்பது எளிது. என் குரலை லட்சக்கணக்கான பேர் கேட்டிருப்பார்கள். என் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பிரபலங்களுக்காக வளர்ந்த இந்தச் சட்டம் என்னைப் போன்ற ஒருத்தியைக் காப்பாற்றுமா என்றால், வாதாடலாம், உறுதியாகச் சொல்ல முடியாது.

1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துக் கலைஞர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. நாம் நிகழ்த்திய ஒன்றின் மீது 50 வருடம் உரிமை உண்டு. மேடையில் நிகழ்த்தினால்தான் என்று இல்லை, ஸ்டூடியோவில் மைக் முன்னால் பாடுவதும் நிகழ்த்துவதுதான் என்று பாடகி நேஹா பாசின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2006-ல் சொல்லிவிட்டது. நம் பெயருக்குக் களங்கம் வருகிற மாதிரி அந்தப் பதிவை வெட்டி ஒட்டித் திரித்தால் தடுக்கவும் 38பி பிரிவில் வழி இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த உரிமை நான் பேசிய பதிவுக்கு. என் குரலில் இயந்திரம் பேசிய காப்பீட்டுப் பத்தியை நான் நிகழ்த்தவே இல்லையே. அந்த ஓட்டையை அடைக்கிற சட்டம் இன்னும் நம்மிடம் இல்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024-ல் குரலையும் சேர்த்து ஒரு சட்டம் போட்டுவிட்டது.

ஆக, மறுப்பதால் கிடைப்பது ஒன்று உண்டு. எதிராளி நீட்டிக் காட்ட என் கையெழுத்து எங்கும் இருக்காது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்கு மேல் அது வேலி ஆகாது.

இரண்டாவது வழி, மொத்தமாக விற்றுவிடுவது. எனக்கு வந்த ஒப்பந்தம் இந்த வகைதான். ஒன்பதாம் பக்கத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: கலைஞர் தமது குரல், அதன் சாயல், அவற்றிலிருந்து உருவாகும் அனைத்தின் மீதும் உள்ள உரிமைகளை, உலகெங்கும், காலவரம்பின்றி, இன்று உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும் பயன்படுத்த, திரும்பப் பெற இயலாதவாறு நிறுவனத்துக்கு அளிக்கிறார்.

படிக்கும்போது வழக்கமான வக்கீல் பாஷை மாதிரிதான் தெரியும். நானும் அப்படித்தான் புரட்டிப் போனேன். தோழிதான் பேனாவை எடுத்து ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போட்டாள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, எத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றுதான் கொள்ள வேண்டும். எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 18-ஆம் பிரிவில் 2012-ல் சேர்த்த வரியின்படி, கையெழுத்துப் போட்ட நாளில் புழக்கத்தில் இல்லாத ஒரு பயன்பாட்டு முறைக்கு அந்த ஒப்பந்தத்தை இழுக்க முடியாது, அந்த முறையைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் தவிர. 39ஏ பிரிவு இதையெல்லாம் நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் பொருத்துகிறது. இப்போது அந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள். 'காலவரம்பின்றி' ஐந்து வருடத்தைத் தூக்குகிறது. 'உலகெங்கும்' இந்தியா என்ற எல்லையைத் தூக்குகிறது. 'இனி வரப்போவதுமான' என்பது 2012-ல் கிடைத்த பாதுகாப்பைக் குறிவைக்கிறது. பேசாமல் இருந்தாலே சட்டம் நமக்குக் கொடுக்கிறதை, நம்மையே எழுதிக் கொடுக்க வைக்கிறார்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. என் பழைய ஒலிப்புத்தக ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தேன். 2019-ல் போட்டதில் "ஒலிப்புத்தகமாக வெளியிட" என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பதிவை வைத்துச் செயற்கைக் குரல் செய்ய அது யாருக்கும் அனுமதி தரவில்லை என்று வாதாட எனக்கு வலுவான இடம் உண்டு. நீங்களும் பழைய காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. மருத்துவமனைச் செலவு கழுத்தைப் பிடிக்கும்போது நான்கு மாத வருமானம் கைக்கு வருகிறது என்றால் யாருக்கும் மனம் இளகும். ஆனால் வீட்டை விற்றால் வேறு வீடு வாங்கலாம். இதை விற்ற பிறகு நான் பேசும் ஒவ்வொரு வேலைக்கும் என் குரலே எனக்குப் போட்டி. இன்னொன்று, வாங்குகிற நிறுவனத்தை நாளைக்கு வேறொருவர் வாங்கலாம். அவர் என் குரலைக் கடன் வசூல் மிரட்டலுக்குப் பயன்படுத்தினால்? தேர்தல் பிரச்சாரத்துக்கு? 2024 ஜனவரியில் கருணாநிதி ஏஐ காணொளியில் தோன்றினார். பிப்ரவரி 24 அன்று ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவர் குரலில் ஏஐ பேச்சு வெளியானது. அவர்களுக்காவது அவரவர் கட்சியே செய்தது. என் குரல் எந்தக் கட்சிக்கும் பேசும், காலையில் ஒன்றுக்கும் மாலையில் இன்னொன்றுக்கும்.

பயன்பாட்டுக்குத் தகுந்த பங்கு தருகிற மூன்றாவது வகையும் இருக்கிறது. குரலை ஒரு தளத்தில் ஏற்றி வைத்தால், யாராவது பயன்படுத்தும்போது நமக்குக் காசு சேரும். கேட்க நன்றாக இருக்கிறது. எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு அவர்கள் கையில்தான் இருக்கும், நாம் சரிபார்க்க வழியில்லை. எதற்குப் பயன்படுகிறது என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. எனக்கு இது சரிப்படவில்லை.

நான் சாய்ந்தது நான்காவது வழிக்கு. வாடகை. இன்ன வேலைக்கு, இத்தனை வருடத்துக்கு, இந்த மொழியில் மட்டும் என்று எழுதிக் கொடுப்பது. நம் ஊரில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் பதினோரு மாதம் என்று எழுதி, உள்ளே ஆணி அடிக்கக் கூடாது என்பது வரை சேர்ப்பார். அந்தக் கவனம் இதில் வேண்டும்.

நோக்கத்தைச் சுருக்கமாக எழுதினால் ஆபத்து. "கல்வி சார்ந்தவை" என்று எழுதினால் கல்விக் கடன் விற்பனை அழைப்பும் அதில் நுழைந்துவிடும். நான் எழுதியது: ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாட ஒலிகள், பார்வையற்றோருக்கான நூல் வாசிப்பு. இவை இரண்டும்தான். இதைத் தாண்டிய எதற்கும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். கூடவே செய்யவே கூடாதவற்றின் பட்டியல்: தேர்தல், மதப் பிரச்சாரம், கடன், சூதாட்டம், மருத்துவ ஆலோசனை, ஆபாசம். கேட்கிறவருக்கு இது இயந்திரக் குரல் என்று தெரிய வேண்டும் என்பதையும் சேர்த்தேன். என் குரலை நம்பி ஒரு பாட்டி ஏமாறுவதை என்னால் தாங்க முடியாது.

பதிவு செய்வதும் பயிற்றுவிப்பதும் வேறு வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒலிக்கோப்பு என்பது நான் பேசிய பதிவு. அதைக் கொண்டு பயிற்றுவித்த மாதிரி, அதாவது என் குரலில் எதையும் பேசக் கற்றுக்கொண்ட மென்பொருள் ('மாடல்'), வேறொரு பொருள். ஒப்பந்தம் முடிந்ததும் கோப்புகளை அழித்துவிடுகிறோம் என்பார்கள். கோப்பை அழித்தாலும் மாதிரி பேசிக்கொண்டேதான் இருக்கும். என் குரலை நூறு பேரின் குரலோடு கலந்து ஒரு பெரிய மாதிரியைப் பயிற்றுவித்துவிட்டால், அதிலிருந்து என்னை மட்டும் பிரித்து எடுப்பது மிகக் கடினம், மாவில் கரைந்த உப்பை எடுக்கிற மாதிரி. அதனால் என் குரலுக்கென்று தனி மாதிரிதான் இருக்க வேண்டும், மற்ற எதையும் பயிற்றுவிக்க என் பதிவைத் தொடக் கூடாது, காலம் முடிந்ததும் கோப்பும் மாதிரியும் சேர்ந்தே அழிக்கப்பட வேண்டும் என்று எழுதினேன். பேரம் பேசுவதில் மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விடாதீர்கள்.

2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நான் நம்ப முடியும்.

அப்புறம், நான் போன பிறகு என்ன? இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட நினைத்தேன், முடியவில்லை. 'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். மறைந்த பாடகி பவதாரிணியின் குரலை அவர் தம்பி யுவன் 2024-ல் ஒரு பாடலில் ஒலிக்கவைத்தார். அதைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு, நானும் கலங்கினேன். எஸ்.பி. பாலசுப்ரமணியம் விஷயம் இதற்கு நேர்மாறு. 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் கேட்காமலே அவர் குரலை ஏஐ-யில் பயன்படுத்தினார்கள் என்று மகன் சரண் சட்டப்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

குடும்பம் தடுக்கலாம் என்று நினைக்கிறோம். சட்டம் அவ்வளவு உறுதியாக இல்லை. ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படத்துக்கு எதிராக அவர் அண்ணன் மகள் ஜெ. தீபா போட்ட வழக்கில், ஒருவர் வாழும்போது சம்பாதித்த அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், சொத்து மாதிரி வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. மறைந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை போட்ட வழக்கில் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே பக்கம்தான் நின்றது. அப்படியென்றால் எனக்குப் பிறகு என் மகள் வெறுங்கையோடு நிற்பாள், நான் இப்போதே எழுதி வைத்தால் ஒழிய. நான் இறந்தால் அன்றோடு உரிமம் முடியும், மகள் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் ஒப்பந்தக் காலம் வரை தொடரலாம் என்று ஒரு பத்தி சேர்த்தேன். அவளிடம் முன்பே பேசினேன். "உன் குரல் எனக்குப் போனில் இருக்கிற வாய்ஸ் மெசேஜ் போதும்மா" என்றாள்.

இப்படியெல்லாம் தனியாளாகப் பேரம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்துதான், நகல் எடுக்கச் சம்மதமும் ஊதியமும் கட்டாயம் என்பதை ஒப்பந்தத்தில் வாங்கியது. சினிமா டப்பிங்குக்கு இங்கே சங்கம் உண்டு. விளம்பரம், பாட ஒலி, ஒலிப்புத்தகம் பேசுகிற நாங்கள் பெரும்பாலும் உதிரி ஆட்கள். ஒருத்தி மறுத்தால் அடுத்தவளுக்கு அதே பதினாறு பக்கம் போகும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் குறைந்தபட்சம் வந்த ஒப்பந்தங்களையும் கேட்ட விலையையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால்கூட நிலைமை மாறும்.

என் திருத்தங்களோடு ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பினேன். முதல் சந்திப்பில் போட்டுக் காட்டிய ஒலியை அனுமதியில்லாமல் செய்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டு அழிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தேன். அதை அழித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. நோக்கத்தையும், செய்யக் கூடாதவற்றையும், மூன்று வருடக் காலத்தையும் ஏற்றார்கள். தொகையைப் பாதியாகக் குறைத்தார்கள். அதற்கு ஒத்துக்கொண்டேன். காலம் முடிந்ததும் மாதிரியை அழிக்கிற வரியை மட்டும் "தொழில்நுட்ப ரீதியில் இயன்றவரை" என்று மாற்றிக் கேட்கிறார்கள். அந்த மூன்று சொல்லையும் எடுக்கிறவரை பதிவுக்குத் தேதி கொடுப்பதாக இல்லை.

நடுவில் வேறொரு ஒலிப்புத்தக வேலை வந்தது. இந்தப் பதிவைக் கொண்டு எந்தச் செயற்கைக் குரலையும் பயிற்றுவிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று பதிப்பாளரைக் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் சேர்த்து அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை தொடங்குகிறேன்.